முப்பத்திரண்டாவது பஸ்

அன்பு மகள் கயலுக்கு,

இங்கு அனைவரும் நலம். "என் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் யோசிப்பதே இல்லை அப்பா" என்று நீ போனில் சலித்துக்கொண்டது மனதிலேயே கிடக்கிறது.

நம் திண்ணைக்குப் படிக்க வரும் பையனுக்கு நேற்று ஒரு கணக்குக் கொடுத்தேன். 1,128 வீரர்கள், பஸ்ஸுக்கு 36 பேர், எத்தனை பஸ் வேண்டும்? வாசித்து முடிப்பதற்குள் வகுக்கத் தொடங்கிவிட்டான். "31 பஸ், மீதி 12" என்று எழுதி நீட்டினான். வகுத்தலில் ஒரு பிழையும் இல்லை. பன்னிரண்டு பேர் மட்டும் ரோட்டில் நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் 13 வயது மாணவர்களுக்கு நாடு தழுவிய தேர்வில் கேட்ட கணக்கு இது. நூற்றுக்கு 70 பேர் சரியாக வகுத்தார்கள். 32 என்று எழுதியவர்கள் 23 பேர்தான். உன் வகுப்பை மட்டும் நொந்துகொள்ளாதே.

"விடை சரியா?" என்று கேட்டேன். அவன் கணக்கை மறுபடி வாசிக்கவில்லை. ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழிக்கப் போனான். கண் நோட்டில் இல்லை, என் முகத்தில் இருந்தது. கணக்குப் போடும்போது எண்களை ஏந்தி வைத்திருக்கும் நினைவிடம் மிகச் சிறியது. பயம் வந்தால் அதையும் பிடித்துக்கொள்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிறகு எங்கே யோசிப்பது?

"அழிக்காதே, வகுத்தல் சரிதான். அந்தப் பன்னிரண்டு பேர் எப்படிப் போவார்கள்?" என்றேன். பென்சில் முனையைக் கடித்தபடி வெகுநேரம் இருந்தான். "இன்னொரு பஸ் வேண்டும் தாத்தா" என்றான். சற்றுப் பொறுத்து, "அதில் இன்னும் 24 பேர் ஏறலாமே!" என்றான். அதை நான் கேட்கவே இல்லை, கயல்.

நீ ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்கு வராமல் நோட்டை மூடிக்கொண்டு அழுதாய். சோம்பல் என்று சத்தம் போட்டேன். என் குரலுக்குப் பயந்துதான் மூடினாய் என்பது நேற்றுத்தான் உறைத்தது. மன்னித்துவிடு அம்மா.

கணக்கைத் தீர்க்கக் கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் சொன்ன நான்கு படிகள் உனக்குத் தெரியும். கடைசிப் படியான, போட்ட விடையைத் திரும்பிப் பார்ப்பதில்தான் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். தப்பாகப் போட்டவனிடம் மட்டுமே "எப்படி வந்தது?" என்று கேட்டால் அந்தக் கேள்வியே தண்டனையாகிவிடும். சரியாகப் போட்டவளிடமும் தினமும் கேள். பதில் வரும்வரை பேசாமல் நில்; அதுதான் கடினம்.

அந்த பஸ் கணக்கை உன் வகுப்பில் கொடுத்துப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொல். அம்மா மாவடு போட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா