கண்டிச்சீமையிலிருந்து கட்டைக்கு

இலங்கை மலையகம், அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம்,
ஞாயிறு ராத்திரி.

கிறிஸ்துவுக்குள் பிரியமான கட்டைக்கு நெட்டை எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம். நான் சுகம். உன் முட்டி எப்படி இருக்கிறது? ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை சீரியல் பார்க்கிற சாக்கில் விட்டுவிட்டாயா? சின்னவன் போன் பண்ணினானா? சரி, விசாரிப்பு போதும்.

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் நீ கேட்பதே இல்லை, நீல டிக் மட்டும் வருகிறது. அதனால்தான் காகிதம். பித்தளை அக்கா புதன்கிழமை ஊருக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். பிரித்துப் படிக்காமல் தரமாட்டாள். அக்கா, இதுவரை படித்தது போதும், ஒட்டி வையுங்கள்.

இங்கே ஊழியத்துக்கு வந்த பிறகுதான் தெரிகிறது, குளிரைப் பற்றி நீ பயமுறுத்தியது பொய்யில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாஞ்சோலைக்கு டூர் போய் ராத்திரி முழுக்க நடுங்கினோமே, அந்தக் குளிர் இங்கே மத்தியானத்திலேயே இருக்கிறது. அட்டைக் கடி வேறு. காலில் சோப்பைக் குழைத்துத் தடவிக்கொண்டுதான் மலை ஏறுகிறோம். முதலூர் மஸ்கோத் அல்வாவைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டினால், "இது எங்க மஸ்கட்டுல்ல" என்று சிரிக்கிறார்கள். யாரிடம் யார் படித்தது என்ற பஞ்சாயத்தில் எங்களோடு வந்த மூன்றாம் மணி ஐயா இறங்கிவிட்டார். ஊழியம் அரை மணி நேரம் நின்றது.

அதைவிடப் பெரிய அடி வேறொரு இடத்தில் விழுந்தது. பாளையங்கோட்டையில் 1903-ல் மிஷனரி சங்கம் தொடங்கித் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பினோம் என்று ஐயா நீட்டி முழக்கினார். இந்த ஊர் போதகர் சின்னப் பையன்தான். அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதுக்கு முந்தின வருஷம் உங்க சங்கத்தத் தொடங்கின அசரியா யாழ்ப்பாணம் வந்திருந்தாரு. எங்க பிள்ளைகள் காசு சேர்த்துத் தொண்டிப் பக்கம் ஊழியத்துக்கு ஆள் அனுப்பிக்கிட்டிருந்ததப் பார்த்துட்டுப் போய்த்தான் நீங்க தொடங்கினீங்க." வெள்ளாளன்விளைக்காரர் ஒருவர் கடல் தாண்டி வந்து வாங்கிப்போன நெருப்பு அது. உண்மைதானே. ஐயா அப்புறம் சாப்பாடு வரைக்கும் வாய் திறக்கவில்லை. ஆனால் நம் பக்கமும் ஒரேயடியாகக் கடன்காரர்கள் இல்லை. 1850-களில் இங்கே காப்பித் தோட்டமாக இருந்தபோதே திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்து கூலி ஜனங்களுக்குள்ளே ஊழியம் செய்திருக்கிறார்கள். காப்பிச் செடியில் நோய் விழுந்து எல்லாம் தேயிலையான பிறகும் ஜனங்கள் இங்கேயே நின்றுவிட்டார்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேள். தினமும் ராத்திரி ஜெபம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு சாட்சி சொல்ல வேண்டும். விசா வந்தது, கர்த்தர் உண்மையுள்ளவர். மதுரை ஏர்போர்ட்டில் கருப்பட்டியைப் பிடுங்கவில்லை, கர்த்தர் உண்மையுள்ளவர். வேன் ஏறியதும் மழை விட்டது, அதற்கும் அதேதான். ஏட்டி, ஆன்லைனில் விண்ணப்பித்தால் எல்லாருக்கும்தான் விசா வருகிறது! சின்ன விஷயத்துக்கு நன்றி சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மழை விட்டபோது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் அந்த வார்த்தை வரும்போதெல்லாம், உன் வீட்டு அண்ணனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்து நீ கேட்டது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. "எல்லாருக்கும் உண்மையுள்ளவருக்கு எங்க வீட்டுக்கு மட்டும் வழி தெரியலையா?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் இன்று காலையில் பார்த்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

இங்கே கோயில் என்றதும் ஊசிக்கோபுரத்தை நினைக்காதே. தகரக் கூரை, பத்துப் பன்னிரண்டு பெஞ்சு, மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது. (சில பிரசங்கங்களுக்கு அது நல்லதுதான்.) காணிக்கை நேரத்தில் எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டி எழுந்து, நசுங்கிப்போன பால்மா டின் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய், முன்னால் இருந்த சாக்கில் கவிழ்த்தாள். அரிசி. பிடி அரிசி! நம் அம்மாக்கள் உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு கை அள்ளி ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போடுவார்களே, அதேதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பித்தளை அக்காகூடப் பாடுவதை நிறுத்திவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்.

ஆராதனை முடிந்ததும் பாட்டியோடு லயத்துக்கு, அதாவது தோட்டத்து லைன் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு. ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்துச் சாயத் தண்ணி கொடுத்தாள். அரிசி வைப்பது அவள் ஆத்தா சொல்லிக்கொடுத்ததாம். ஆத்தாவுக்கு நாசரேத் பக்கம். தட்டப்பாறை கூலி முகாமில் அடைத்து வைத்திருந்துவிட்டுத்தான் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றினார்கள் என்று கதை கதையாகச் சொல்வாளாம். பாட்டி நம் ஊரைப் பார்த்ததே இல்லை. பனங்கிழங்கு எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டாள்.

1964 ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் தோட்டத்து ஜனங்களைப் பங்கு பிரித்துப் போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. நான் அதை எத்தனையோ வருஷம் ஒரு மார்க் கேள்வியாக நடத்தியிருக்கிறேன். பாட்டியின் தங்கச்சி அந்த ஐந்தேகால் லட்சத்தில் ஒருத்தி. அவள் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, பாட்டி வீட்டுக்கு எந்த நாடும் கிடைக்கவில்லை. அட்டன் ஸ்டேஷனில் கோச்சி கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த தங்கச்சி கையை யாரோ பிரித்துவிட்டார்களாம். தலைமன்னார் போய்க் கப்பல், அப்புறம் ராமேஸ்வரம். 2003-ல் புதுச் சட்டம் வந்த பிறகுதான் பாட்டிக்குக் குடியுரிமை. அதற்குள் வீட்டுக்காரரும் போய்விட்டார். மகள் குவைத்தில் வீட்டு வேலை. மருமகள் கொழுந்து பறிக்கிறாள். ஒரு நாளைக்கு 18 கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர்தான், அதாவது பாதிக் கூலி.

"எல்லாக் காலமும் டின்னில அரிசி இருந்துச்சா பாட்டி?" என்று கேட்டேன். ரொட்டிக்குக்கூட மாவு கிடைக்காமல், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற 2022-ல் இல்லையாம்.

"அப்ப என்ன செஞ்சீங்க?"

"வெறும் டின்னக் கொண்டுபோய் வச்சேன்."

"வெறும் டின்னையா?"

"பின்ன? இருக்கிறத வைக்கிற எடத்துலதான் இல்லாததயும் வைக்கணும். மெதுவாவும் வைக்கலம்மா. அவருக்குக் கேக்கட்டும்னு டொக்குன்னு வச்சேன். ரொம்பக் கோவம் எனக்கு." கொஞ்ச நேரம் அடுப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம், "நானும் விடல, அவரும் விடல" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு உடனே உன் முகம்தான் வந்தது. உனக்கு வசனம் எழுத மாட்டேன், பயப்படாதே. அடக்க வீட்டில் வந்து குவிந்த வசனங்களை நீ எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வா என்றும் கூப்பிட மாட்டேன். வருவதானால் கோபத்தோடே வா, நான் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன்.

எனக்கு இன்னொரு கவலை. ஊருக்கு வந்ததும் சேகரத்தில் பத்து நிமிஷம் ரிப்போர்ட் வாசிக்க வேண்டும். எத்தனை கூட்டம், எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று நம் போதகர் ஐயர் கணக்குக் கேட்பார். டொக்கென்று வைத்த டின்னை எந்தக் கணக்கில் எழுதுவது? நீதான் எனக்கு எப்போதும் கட்டுரை திருத்துகிறவள், யோசித்துச் சொல்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம். தங்கச்சி கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனதாகக் கடிதம் வந்திருக்கிறது. இங்கே நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. பாட்டி அந்தக் கடைசிக் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறாள், மடிப்பில் கிழிந்து நாலு துண்டாக இருக்கிறது. விலாசத்தை அப்படியே பார்த்து எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உன் தங்கை மருமகன் கோத்தகிரியில்தானே இருக்கிறார்? லைன் வீடுகளில் போய் விசாரிக்கச் சொல். அவள் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் இருப்பார்கள். நீயே பேசு. நான் பேசினால், மறுபடியும் வரன் விஷயம் என்று நினைத்துப் போனை எடுக்க மாட்டார். இன்றைக்கே பேசு, நாங்கள் கிளம்புவதற்கு முன்னால் பாட்டியிடம் ஏதாவது சொல்லிவிட்டு வர வேண்டும். தகவல் கிடைத்தால் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பு. நான் கேட்பேன்.

இப்படிக்கு,
நெட்டை