நடுவர்கள் யார் என்று எங்களுக்கும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்கிழக்காசிய வட்டார ஓவியப் போட்டியின் நடுவர் குழுவைப் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், ‘இவர்கள் அறிமுகம் தேவைப்படாதவர்கள்’ என்றொரு வரி இருந்தது. பல ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாசித்துவரும் எனக்கு அந்த வரி மிகுந்த வருத்தத்தைத் தந்தது. நடுவர்களின் படங்களும் பட்டங்களும் பதவிகளும் அச்சாகியிருந்தனவே தவிர, அவர்களில் வரைபவர் யார், ஆய்வாளர் யார், எந்த ஓவிய ஊடகத்தில், அதாவது எந்த வரைபொருளில், யாருக்குத் தேர்ச்சி உண்டு என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வட்டாரப் போட்டிக்கு வரும் படைப்புகள் எத்தனை வகைப்பட்டவை என்பதைத் தாங்கள் நன்கறிவீர்கள். வியட்னாமின் அரக்கு ஓவியத்தையே எடுத்துக்கொள்ளலாம். மரப்பொருள்களுக்குப் பூசப்பட்டுவந்த அரக்கு, ஹனோயில் 1925ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நுண்கலைக் கல்லூரியில்தான் ஓவியருக்குரிய ஊடகமாக வளர்ந்தது. அடுக்கின்மேல் அடுக்காகப் பூசி, உலரவிட்டு, பின்பு நீர் தெளித்துத் தேய்த்து அடியிலுள்ள நிறத்தை மேலே கொண்டுவருவார்கள். இயற்கை அரக்கில் வெள்ளை நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும் என்பதால், வெண்மை வேண்டிய இடத்தில் முட்டையோட்டுத் துண்டுகளைப் பதிப்பார்கள். இதனை அறியாதவர் கண்ணுக்கு அந்த ஓடு ஒட்டுவேலையாகவே படும்.

இது என் கற்பனை அன்று. நான் உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் கற்பித்த காலத்தில், என் மாணவி ஒருத்தி, துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் முறையில் வரைந்த படத்தைப் போட்டி ஒன்றுக்கு அனுப்பினாள். மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் இறங்கி, மீன்வலை ஒன்றின் மேல் நரம்புகளைப் போல மெல்லிய கோடுகள் படர்ந்திருந்தன. பாத்திக்கின் அழகே அந்தக் கோடுகள்தாம். படம் திரும்பி வந்தபோது அதன் பின்புறத்தில் ‘சாயம் கசிந்துள்ளது, தூய்மை போதாது’ என்று பென்சிலால் எழுதியிருந்தது. எழுதியவர் யார் என்று கேட்டதற்கு, நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது என்ற பதில் மட்டுமே கிடைத்தது. பினாங்கு ஓவியர் சுவா தியான் தெங் 1950களிலேயே பாத்திக்கை ஓவியமாக்கிக் காட்டிய வட்டாரம் இது. அந்தப் பெண் அதன் பிறகு மெழுகைத் தொடவே இல்லை.

நம் பரிசளிப்பு விழாக்களிலும் இதே நிலைதான். சிறப்பு விருந்தினருக்கு நீண்ட வரவேற்புரையும் பொன்னாடையும் உண்டு. நடுவர்களின் பெயர்களோ விழா முடியும் நேரத்தில் ஒரே மூச்சில், அதுவும் பிழையாக, வாசிக்கப்படுகின்றன. நாள் முழுவதும் நின்று படங்களைப் பார்த்தவர்களுக்கு அது மரியாதை ஆகாது.

தமிழ் வாசகர்களுக்குக் கலைஞர்களை அறிமுகப்படுத்தும் கடமை தமிழ் இதழுக்குக் கூடுதலாகவே உண்டு. இவ்வட்டாரக் கலை வரலாற்றை எழுதியவர்களுள் முதன்மையானவரான டி. கே. சபாபதி ஒரு தமிழர். 1988ஆம் ஆண்டு சக கலைஞர்களான கோ ஈ சூ, சாலே ஜப்பார் ஆகியோருடன் சேர்ந்து ‘திரிமூர்த்தி’ கண்காட்சியைப் படைத்தவர் எஸ். சந்திரசேகரன். சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தின் வெளியே நிற்கும் பெரிய சிவப்பு மிளகாய்ச் சிற்பம் குமாரி நாகப்பனின் படைப்பு. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்ட என் மாணவர்களில் ஒருவருக்குக்கூட அவர் பெயர் தெரியவில்லை. இவர்களையே நம் பிள்ளைகள் அறியாதபோது, அண்டை நாடுகளிலிருந்து வரும் நடுவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை என்று எப்படி எழுத முடிந்தது?

போட்டி முடிவுகள் வெளிவருவதற்கு முன்பாக அரைப் பக்கம் ஒதுக்கித் தந்தால் போதும். ஒவ்வொரு நடுவரும் பழகிய ஊடகம், அவருடைய படைப்பு ஒன்றின் படம் அல்லது அவர் எழுதிய கட்டுரையைப் பற்றி இரண்டு வரி, அவரிடம் பயின்றவர் எவரேனும் இம்முறை போட்டியிடுகிறாரா என்ற விவரம் ஆகியவற்றை வெளியிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
தோ பாயோ