எட்டாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கும் அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோரே,

அக்டோபர் பிறந்தால் பெரிய தனியார் உயர்நிலைப் பள்ளிகளின் ஓப்பன் ஹவுஸ் (பெற்றோருக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாள்) அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். நீங்களும் போவீர்கள். மர வேலைப்பாடு செய்த நூலகம், பன்னிரண்டு பேர் சுற்றி உட்காரும் நீள்வட்ட மேசை, வாசலில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுக் கைகுலுக்கும் தலைமையாசிரியர், கிளம்பும்போது கையில் ஒரு வழவழப்பான புத்தகம். அதில் எல்லோரும் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தைத்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால் நானும் காருக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு அதைத்தான் புரட்டினேன். "எங்கள் மாணவர்கள் சேர்ந்த கல்லூரிகள்" என்று தலைப்பு, அதன் கீழே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் என்று வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் எண்ணிக்கை. என் கணவர் மனக்கணக்குப் போட்டுவிட்டு, "நாலு பேரில் ஒருத்தராவது பெரிய காலேஜுக்குப் போறாங்க" என்றார். எங்கள் வீட்டில் முடிவெடுத்தது அந்தக் காரில்தான். மகள் வகுப்பறையைப் பற்றி என்ன நினைத்தாள் என்று அன்றைக்கு நாங்கள் கேட்கவே இல்லை.

அவள் அங்கே நான்கு வருடமும் படித்தாள். சென்ற மே மாதம் முடித்து, இப்போது எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். அவளுடைய அறைத்தோழி எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் பப்ளிக் ஸ்கூலில், ஒரு டாலர்கூடக் கட்டாமல் படித்தவள். பல்கலைக்கழகத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நல்ல இடம், அவளும் சந்தோஷமாக இருக்கிறாள். எனக்குக் கோபம் அந்தக் கடைசிப் பக்கத்தின் மேல்தான். அதைத் தப்பாக வாசித்த என் மேலும்தான்.

சரி, அதை எப்படி வாசித்திருக்க வேண்டும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகத்தான். அந்தப் பட்டியலில் இருக்கும் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பது உண்மை. அந்தப் பள்ளியில் படித்ததால்தான் அங்கே போனார்கள் என்பது வேறு கூற்று, அதற்கு அந்தப் பக்கத்தில் எந்தச் சான்றும் கிடையாது. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுத்ததை எதிர்த்து ஹார்வர்டு மேல் போடப்பட்ட வழக்கில் வெளியான சேர்க்கை விவரங்களை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் 2019இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அங்கே இடம் கிடைத்த வெள்ளையின மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், பேராசிரியர்கள் மற்றும் ஊழியர்களின் பிள்ளைகள், அல்லது டீன் தனியாகக் குறித்து வைக்கும் பட்டியலில் இருந்தவர்கள். அந்தக் கடைசி வகையில் நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகளும் அடக்கம். இப்போது சொல்லுங்கள், வருடத்துக்கு 60,000 டாலருக்கு மேல் கட்டணம் வாங்கும் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் அதிகமா, நம் தெருப் பள்ளியில் அதிகமா? அப்பாவும் தாத்தாவும் படித்த கல்லூரிக்குள் பேரன் நுழைவதற்கு எந்தப் பள்ளியும் மெனக்கெட வேண்டியதில்லை. பட்டியலில் மட்டும் அவன் பெயரும் ஓர் எண்ணாக உட்கார்ந்துகொள்ளும்.

இது எனக்குப் புரிந்தது பதினோராம் வகுப்பு முடியும்போதுதான். அப்போது பள்ளியில் நேவியன்ஸ் என்ற மென்பொருளுக்கு உள்நுழைவு கொடுப்பார்கள். கல்லூரியின் பெயரைச் சொடுக்கினால் ஒரு புள்ளிப் படம் வரும், ஒரு பக்கம் எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண், இன்னொரு பக்கம் ஜிபிஏ என்ற பள்ளி மதிப்பெண் சராசரி, முந்தைய ஆண்டுகளில் இடம் கிடைத்தவர்கள் பச்சை, கிடைக்காதவர்கள் சிவப்பு. நானும் மகளும் இரவு பதினொன்று வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுடைய மதிப்பெண் விழும் மூலையில் பச்சையும் சிவப்பும் கலந்து கிடந்தன, சிவப்புதான் கூடுதல். ஆனால் கீழே இடது பக்கம், அவளைவிட மிகவும் குறைந்த மதிப்பெண்ணில், தனியாக நாலைந்து பச்சைப் புள்ளிகள். "இது யாரும்மா?" என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "ரோயிங் டீம்." படகு வலித்தவர்கள், ஸ்குவாஷ் ஆடியவர்கள், கட்டடத்தின் மேல் தாத்தா பெயர் இருப்பவர்கள். கடைசிப் பக்கத்து எண்ணிக்கையில் இந்தப் புள்ளிகளும் சேர்த்திதான், அதை யாரும் பிரித்துக் காட்டுவதில்லை.

அப்படியென்றால் பள்ளியால் ஒரு பயனும் இல்லையா என்றால், இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மேன் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் அடங்கிய எட்டு ஐவி கல்லூரிகளையும் ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டியூக், சிகாகோவையும் எடுத்துக்கொண்டது. ஒரே எஸ்ஏடி மதிப்பெண் எடுத்த பிள்ளைகளில், மேல்தட்டு 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதற்கு அவர்கள் காட்டிய காரணங்கள் மூன்று: பழைய மாணவர் சலுகை, விளையாட்டு, அப்புறம் படிப்பு சாராத தகுதிகளுக்குக் கொடுக்கும் மதிப்பீடு. இந்த மூன்றாவதில் தனியார் பள்ளி மாணவர்களுக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மதிப்பீடு உயர்ந்திருப்பதால் பிள்ளை பிற்காலத்தில் நன்றாக வருவான் என்று அந்த ஆய்வில் தெரியவில்லை. அதைக் காட்டியது எஸ்ஏடி மாதிரியான படிப்பு சார்ந்த அளவுகோல்கள்தான்.

அந்த மூன்றாவது காரணம் எப்படி வேலை செய்கிறது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பாடத்தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் பள்ளியில் வழிகாட்டுபவர் கவுன்சிலர். அவர் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கல்லூரிக்கு எழுதி அனுப்பும் கடிதம்தான் அதில் முக்கியமானது. நாட்டில் ஒரு பள்ளி கவுன்சிலருக்குச் சராசரியாக 350 மாணவர்களுக்கு மேல். கவுன்சிலர் சங்கமே 250க்கு மேல் போகக் கூடாது என்கிறது. என் தோழியின் மகன் படித்த பப்ளிக் ஸ்கூலில் கவுன்சிலர் அவனை மூன்று முறைதான் சந்தித்திருப்பார், அதில் ஒரு முறை பாட அட்டவணையை மாற்ற. எங்கள் பள்ளியில் கல்லூரிச் சேர்க்கைக்கென்றே தனி அலுவலகம், ஆளுக்கு நாற்பது பிள்ளைகள்கூட இல்லை. பெற்றோருக்கும் ஒரு நீண்ட படிவம் கொடுத்து, உங்கள் மகள் தோற்றுப்போனபோது என்ன செய்தாள் என்றெல்லாம் எழுதச் சொன்னார்கள். வேதியியல் ஆய்வகத்தில் ஒரு சோதனை ஆறு முறை சொதப்பி ஏழாவது முறை வந்ததைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். கடிதத்தை நமக்குக் காட்ட மாட்டார்கள், ஆனால் அந்தச் சம்பவம் அதில் இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். நீங்கள் கட்டும் காசில் அட்மிஷனுக்காக உருப்படியாகக் கிடைப்பது இதுதான்.

ஆனால் அதே கடிதம் அவளுடைய வகுப்பில் எல்லோருக்கும் கிடைக்கிறது. பெரிய கல்லூரிகளில் ஒரு வட்டாரத்து விண்ணப்பங்களை ஒரே அதிகாரி படிப்பதுதான் வழக்கம், ஒரு பள்ளியிலிருந்து வந்தவை பக்கத்துப் பக்கத்தில்தான் வாசிக்கப்படும். தெருப் பள்ளியில் முதல் ஐந்து பேரில் ஒருத்தியாக நின்றிருக்க வேண்டியவள், இங்கே தன்னைப் போலவே நன்றாகப் படித்த, தன்னைவிட நன்றாகப் படகு வலித்த முப்பது பேருக்கு நடுவே நின்றாள். சமூகவியலாளர் தாமஸ் எஸ்பென்ஷேட் குழுவினர் 2005இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். உடன் படிப்பவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களோ அவ்வளவுக்கு அதே தகுதியுள்ள பிள்ளையின் வாய்ப்பு சற்றுக் குறைகிறது, வகுப்பில் எத்தனையாவது இடம் என்பது அவ்வளவு முக்கியம் என்றார்கள். ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை என்று கேலியாகச் சொல்வோம். அட்மிஷன் அலுவலகம் அந்த ஊர்ச் சர்க்கரையைத் தேடித்தான் வருகிறது.

நவம்பரில் வரும் முதல் சுற்று விண்ணப்பத்தின்போது இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. மகள் ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்னதும் கவுன்சிலர் ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, "அங்கே இந்த வருடம் நம் பள்ளியிலிருந்து கூட்டம் அதிகம், வேறு ஒன்றை யோசிக்கலாமே" என்றார், மிகவும் அன்பாகத்தான். அந்தக் கூட்டத்தில் யார் யார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அடுத்த வருடப் பட்டியலும் நன்றாக இருந்தாக வேண்டும்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 1997இல் வந்த சட்டம், பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்றது, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் பின்னர் அந்த விகிதத்தைக் குறைத்துவிட்டார்கள். விளைவு, போட்டி குறைந்த பள்ளியாகப் பார்த்துப் பிள்ளையைச் சேர்த்த குடும்பங்கள் உண்டு, ஆய்வாளர்களே அதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நியூயார்க்கின் ஸ்டைவெசன்ட், பாஸ்டன் லத்தீன் மாதிரியான தேர்வுப் பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவை அரசுப் பள்ளிகள்தான், ஆனால் மயக்கம் ஒன்றுதான். நுழைவுத் தேர்வில் மயிரிழையில் உள்ளே போனவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டு 2014இல் ஆய்வுகள் வந்தன. பிற்காலத் தேர்வு மதிப்பெண்களில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நியூயார்க்கை மட்டும் பார்த்த ஆய்வில் கல்லூரிச் சேர்க்கையிலும் அப்படித்தான். அதாவது அந்தப் பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே அப்படித்தான் இருந்தார்கள்.

முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் யோசிக்காதீர்கள், அனுப்புங்கள். கவுன்சிலர் முகத்தையே பார்க்க முடியாத பள்ளியிலிருந்து வரும், வீட்டில் கல்லூரி வாசல் மிதித்தவர் இல்லாத பிள்ளைக்கு அந்தக் கடிதமும் அந்த அலுவலகமும் உண்மையிலேயே பெரிய விஷயம். காசு ஒரு பொருட்டில்லை என்கிறவர்களுக்கும் நான் சொல்ல ஒன்றுமில்லை. என் மகளுக்கு அங்கே ஒரு வரலாற்று ஆசிரியர் கிடைத்தார், அவள் எழுதிய முதல் கட்டுரையை நான்கு முறை திருப்பிக் கொடுத்தவர். இன்றைக்கு அவள் எழுதுவதைப் பார்த்தால் அந்த நான்கு முறைக்கு நான் காசு கொடுத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நாங்கள் காசு கொடுத்தது அதற்காக இல்லை. 2,40,000 டாலருக்கு மேல், வீட்டின் மேல் கடன் வாங்கி, ஒரு கடைசிப் பக்கத்துக்காகக் கொடுத்தோம்.

ஆகவே இந்த அக்டோபரில் போகும்போது, கேள்வி நேரத்தில் கை தூக்கி இதைக் கேளுங்கள். இந்தப் பட்டியலில் விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்களையும் பழைய மாணவர்களின் பிள்ளைகளையும் கழித்துவிட்டால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? அந்த மிச்சப் பேர் ஒவ்வொரு கல்லூரிக்கும் எத்தனை பேராக விண்ணப்பித்தார்கள்? வகுப்பின் நடுவில் நிற்கும், எந்தச் சிபாரிசும் இல்லாத ஒரு பிள்ளை போன வருடம் எங்கே சேர்ந்தது? கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள், சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால்.

மகள் பள்ளியை முடித்த பிறகு நான் எழுதிக் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு கனிவான பதில் வந்தது, எங்கள் மகளைப் பற்றி அவர்கள் எவ்வளவு பெருமைப்படுகிறார்கள் என்று. கூடவே புதிய புத்தகம் ஒன்றை இணைத்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த எண் ஒன்று கூடியிருந்தது.

இப்படிக்கு,
அந்தப் பக்கத்தை முதலில் புரட்டிய ஓர் அம்மா