கிஃப்ட் எய்ட் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை

பிரித்தானியாவில் உள்ள தமிழ்ப் பாடசாலைகள், கோயில்கள், பழைய மாணவர் சங்கங்கள் ஆகியவற்றின் நிர்வாக சபையினருக்கு,

வணக்கம்.

உங்களில் கனபேருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் 11 வருடமாகத் தேத்தண்ணீர் ஊற்றி ரோல்ஸ் விற்கிறவள். மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தினால், "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் அக்கா" என்று இருத்திவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். விஷயம் காசு பற்றியது. நன்கொடை கேட்கவில்லை, பயப்படாதீர்கள்.

2015 ஏப்ரல் 6 முதல் இந்த நாட்டில் மேரேஜ் அலவன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. உழைப்பே இல்லாத, அல்லது வருடத்துக்கு 12,570 பவுணுக்குக் குறைவாக உழைக்கிற கணவனோ மனைவியோ, தன் வரிவிலக்கில் ஒரு துண்டை மற்றவருக்கு எழுதிக் கொடுக்கலாம். இப்போது அந்தத் துண்டு 1,260 பவுண். வாங்குகிறவருடைய வரியில் வருடத்துக்கு 252 பவுண் வரை குறையும். வாங்குகிறவர் அடிப்படை வீத வரி கட்டுகிறவராக இருக்க வேண்டும். அதாவது வருமானம் 50,270 பவுணைத் தாண்டக் கூடாது. (ஸ்கொட்லாந்தில் வரிப் படிகள் வேறு. அங்கே இருக்கிற சங்கங்கள் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

அது வந்த காலத்தில் நான் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வீட்டில். இவர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. எங்களை வைத்தே எழுதின சட்டம் மாதிரி இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

தெரிந்தது 2023 ஒக்டோபரில். சொன்னது தமிழர் இல்லை. பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் என்னோடு நிற்கிற கானா நாட்டுத் தாய் ஒருத்தி. அவர்களுடைய சேர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு ஒரு மேசை போட்டு, இரண்டு இளம் பிள்ளைகள் லப்டொப்போடு இருந்து, குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டு விண்ணப்பம் போட உதவினார்களாம். "உங்கள் கோயிலில் செய்யவில்லையா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? எங்கள் கோயிலிலும் மேசை இருக்கிறது, அதில் அர்ச்சனை ரிக்கற் விற்கிறோம் என்றா?

அன்று பின்னேரமே குசினி மேசையில் இருந்து விண்ணப்பித்தேன். தேத்தண்ணீர் ஆறுகிற நேரம்தான் எடுத்தது. பழைய வருடங்களுக்கும் கேட்கலாம், ஆனால் நான்கு வரி ஆண்டுகள் வரைதான். 2019-20க்கும் 2020-21க்கும் 250 பவுண் படி, அதற்கடுத்த இரண்டு வருடங்களுக்கும் 252 படி, மொத்தம் 1,004 பவுண் இவருடைய பெயருக்குக் காசோலையாக வந்தது. சந்தோஷம்தான். ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. எழும்பி, தப்பிப்போன வருடங்களைக் கூட்டிப் பார்த்தேன். 2015-16க்கு 212, பிறகு 220, 230, 238. சரியாக 900 பவுண்.

அந்த நான்கு குளிர்காலங்களும் எனக்கு வடிவாக ஞாபகம் இருக்கிறது. மாதக் கடைசியில் ஹீட்டரை நிற்பாட்டிவிட்டு, பிள்ளைகளுக்கு ஜம்பருக்கு மேல் ஜம்பர் போட்டுப் படுக்க வைத்த வீடு எங்களுடையது. அதே வருடங்களில் நாங்கள் உங்கள் ஒன்றுகூடல் ரிக்கற்றும் வாங்கினோம், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் எழுப்பவும் கொடுத்தோம். கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அத்தனை ஒன்றுகூடலில் ஒருவர்கூட எழும்பி இதைப் பற்றி ஒரு வசனம் சொல்லவில்லையே என்பதுதான் மனதுக்குள் கிடக்கிறது.

சரி, ஏன் எங்கள் சனத்துக்கு இது போய்ச் சேரவில்லை? கன்டீனில் நின்று நான் கேட்ட கதைகளை வைத்துச் சொல்கிறேன்.

எண்பதுகளில் வந்த அண்ணைமார், "அது எப்பவோ நிப்பாட்டியாச்சு பிள்ளை" என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. கலியாணம் கட்டினவர்களுக்கு இருந்த பழைய வரிச்சலுகையை 2000 ஏப்ரலில்தான் நிறுத்தினார்கள். தம்பதியில் ஒருவராவது 1935 ஏப்ரல் 6க்கு முன் பிறந்திருந்தால் மட்டும் அது இன்னும் உண்டு. அதற்குப் பிறகு 15 வருடம் வெறுமை. 2015இல் வந்தது வேறு ஒன்று. பழைய செய்தியைக் காவிக்கொண்டு திரிகிறவர்கள் புதியதைக் கேட்பதில்லை.

பிந்தி வந்த தங்கச்சிமாருக்கு வேறு பயம். "கிளெய்ம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் பெனிபிட் என்று நினைத்து, விசாவில் கைவைத்து விடுவார்களோ என்று ஒதுங்குகிறார்கள். மேரேஜ் அலவன்ஸ் உதவிப்பணம் அல்ல, வரிச்சலுகை. விசாவில் "பப்ளிக் ஃபண்ட்ஸ்" எடுக்கக் கூடாது என்று போட்டிருக்கிறார்களே, அந்தப் பட்டியலில் இது இல்லை. இந்த ஒரு விஷயத்தைத் தமிழில், நம்பிக்கையான ஒரு வாயால் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்று, விண்ணப்பிக்க வேண்டியவர் கொடுக்கிறவர். எங்கள் வீடுகளில் அநேகமாக அது மனைவி. ஆனால் வரி, வங்கி என்று வந்தால் கடிதம் உடைப்பதிலிருந்து எல்லாம் கணவன்தான். அவர் தன் பெயரில் போட்டுப் பார்க்கிறார், சரிவரவில்லை, "எங்களுக்கு இல்லையாம்" என்று விட்டுவிடுகிறார். இருவருடைய நஷனல் இன்சூரன்ஸ் இலக்கமும் வேண்டும். ஒன்லைனில் தன்னை நிரூபிக்க வழியில்லாத பெண்களுக்குத் தபால் படிவம் இருக்கிறது.

கலியாணத் தேதியும் ஒரு சிக்கல். இங்கே தாலி கட்டிய நாள் கணக்கில் வராது, எழுத்து எழுதிய நாள்தான். ஊரில் பதிவு செய்த கலியாணமும் செல்லும். மண்டபம் பிடித்து ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எழுத்தை இரண்டு வருடம் இழுத்தடித்தவர்களையும் எனக்குத் தெரியும். அந்த இரண்டு வருடமும் அவர்களுக்கு இல்லை. கையில் காசாகச் சம்பளம் வாங்கி வரி கட்டாதவர்களுக்கும் இல்லை. கட்டாத வரி எப்படித் திரும்பி வரும்?

இப்போது உங்களைக் கொஞ்சம் ஏசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அக்கா முறையான ஒருவர், ஒரு சங்கத்தின் ஆண்டு மலரில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு ரீஃபண்ட் கொம்பனிக்குப் போனார். எந்தச் சங்கம், எந்தக் கொம்பனி என்று இங்கே எழுத மாட்டேன். ஃபோனில் விரலால் கையெழுத்து வைத்தார். வந்த காசில் கிட்டத்தட்டப் பாதி அவர்களுக்கே போய்விட்டது. அதோடு முடியவில்லை. அவர் கையெழுத்து வைத்தது, அந்த வருடங்களுக்கு வருகிற வரித் திருப்பத்தை அவர்களுக்கு உரிமையாக்குகிற பத்திரம். பிறகு வேறொரு காரணத்துக்காக வந்த ரீஃபண்டும் முதலில் அவர்களிடமே போனது. அந்த மாதிரிப் பத்திரங்கள் வருமான வரி விஷயத்தில் செல்லாது என்று 2023 மார்ச் 15 முதல் சட்டம் மாறிவிட்டது. ஆனாலும் கொம்பனிகள் இருக்கின்றன, "எங்கள் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று உங்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, தங்கள் பங்கை எடுத்துவிட்டு மிச்சத்தைத் தருகின்றன. அரசாங்கத்தின் கவ் டொட் யூகே தளத்தில் ஒரு சதம் செலவில்லாமல் செய்கிற வேலை இது. மலரில் ஒரு பக்க விளம்பரத்துக்கு உங்களுக்கு என்ன கிடைக்கிறதோ தெரியாது. தயவுசெய்து அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் கவிதையைப் போடுங்கள்.

உங்களுக்கு வரி விஷயம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. நன்கொடைக்கு மேல் வரித் திணைக்களத்திடம் சங்கம் காசு எடுக்கிற கிஃப்ட் எய்ட் படிவத்தை நீட்டுகிற சுறுசுறுப்பை நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்? ஒரு பவுண் கொடுத்தால் வரித் திணைக்களத்திடமிருந்து 25 பென்ஸ், அதுவும் நான்கு வருடம் பின்னோக்கி எடுக்கலாம் என்று பொருளாளருக்கு மனப்பாடம். அதே நான்கு வருடம், அதே திணைக்களம். சங்கத்துக்கு வரும் காசைத் துரத்திப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, நன்கொடை கொடுக்கிற குடும்பத்தின் காசு கண்ணில் படவில்லை.

இதிலே ஒரு பொறியும் இருக்கிறது. கிஃப்ட் எய்டில் கையெழுத்து வைப்பவர் அந்த அளவுக்காவது வரி கட்டியிருக்க வேண்டும். 100 பவுண் கொடுத்தால் 25 பவுண் வரி. கட்டாதவர் கையெழுத்து வைத்தால், திணைக்களம் அந்த வித்தியாசத்தை அவரிடமே கேட்கலாம். வேலைக்குப் போகாத எத்தனை அம்மாமாரிடம் அந்தப் படிவத்தை நீட்டுகிறீர்கள்! ஒரே மேசையில் இரண்டையும் விளக்கினால், இந்த அம்மாமார் கையெழுத்து வைக்க வேண்டியது எதில், வைக்கக் கூடாதது எதில் என்று தெளிந்துவிடும்.

வயது போனவர்களை மறக்க வேண்டாம். துணை இறந்த பிறகும், அவர் உயிரோடு இருந்த வருடங்களுக்கு, நான்கு வருட எல்லைக்குள் கேட்கலாம். கணவனை இழந்த ஒருவரிடம் இதைத் திணைக்களம் வீடு தேடி வந்து சொல்லாது. அப்புறம், 1978 முதல் 2010 வரை பிள்ளை வளர்க்க வீட்டில் இருந்த பெண்களின் பென்ஷனுக்காக ஹோம் ரெஸ்பான்சிபிலிட்டீஸ் புரொடெக்ஷன் என்று ஒன்று இருந்தது. 2000 மே மாதத்துக்கு முன் சைல்ட் பெனிபிட் எடுத்து, படிவத்தில் தங்கள் நஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் எழுதாமல் விட்ட கனபேருக்கு அது பதிவேட்டில் ஏறவேயில்லை. பென்ஷன் எடுக்கத் தொடங்கிய பிறகும் திருத்தக் கேட்கலாம். தொண்ணூறுகளில் இங்கே பிள்ளை பெற்ற எங்கள் அம்மாமார் இப்போது பென்ஷன் வயதில் இருக்கிறார்கள். மார்கழித் திருவெம்பாவைக்கு விடிய முன்னம் வந்து இருக்கிறார்களே, அவர்கள்தான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தவணைக்கு ஒரு சனிக்கிழமை, அல்லது மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு மேசை, இரண்டு கதிரை, வைஃபை. ஜீசீஎஸ்ஈ தமிழ் முடித்துவிட்டு வாசலில் ஃபோன் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளில் இருவர் போதும். ஒவ்வொருவரும் தங்கள் ஃபோனில் தாங்களே விண்ணப்பிக்கட்டும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்து வழி சொன்னால் போதும். யாருடைய இலக்கத்தையும் சங்கத்துக் கொப்பியில் எழுத வேண்டாம். பி60ஐயும் (வேலையிடம் வருட முடிவில் தருகிற சம்பள, வரிப் பத்திரம்) பாஸ்போர்ட்டையும் கொண்டு வரச் சொல்லி முதல் கிழமையே வைபரில் ஒரு தகவல் போட்டுவிடுங்கள். ஒருதரம் பதிந்தால் வருடா வருடம் தானாகத் தொடரும். கொடுக்கிறவரின் வரிக் குறியீடு 1131என் என்றும் வாங்குகிறவருடையது 1383எம் என்றும் மாறும். மனைவி நல்ல சம்பளத்துக்கு வேலைக்குப் போனாலோ, கணவன் ஓவர்டைம் அடித்து 50,270ஐத் தாண்டினாலோ, பிரிந்தாலோ நிறுத்த வேண்டும். அதையும் அந்த மேசையிலேயே சொல்லி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்லி வரும் கடிதத்துக்கு என்னைத்தான் ஏசுவார்கள்.

2022-23க்கான கதவு 2027 ஏப்ரல் 5 அன்று மூடுகிறது. ஒவ்வொரு சித்திரை வருடப் பிறப்புக்கும் ஒரு கிழமை முன்னால் இப்படி ஒரு வருடம் விழுந்துபோகும். நீங்கள் கலைவிழாவுக்கு ஒத்திகை பார்க்கிற நேரம் அது. தப்பவிடாமல் நான்கு வருடத்தையும் நடப்பு வருடத்தையும் சேர்த்துப் பிடித்த வீட்டுக்கு 1,260 பவுண் வரை மிஞ்சும்.

அடுத்த தவணை தொடங்குகிற முதற் சனிக்கிழமை, கன்டீனுக்குப் பக்கத்து மூலையில் மேசையை நானே விரித்து வைக்கிறேன். லப்டொப்புக்கு என் மகள் வருகிறாள். மண்டபத்துத் திறப்பு உங்களிடம்தான் இருக்கிறது. எட்டரைக்கே திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கன்டீன் அக்கா