மொழிப்பாடக் கலைச்சொற்களின் மீள்பார்வை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில், அடுத்த மூன்று வாரங்களுக்கு மொழிப்பாட வேளையின் ஒரு பகுதியைக் கலைச்சொற்களின் மீள்பார்வைக்கென ஒதுக்கியிருக்கிறோம். மையக்கருத்து, உய்த்துணர்தல், கதைசொல்லி, உவமை, உருவகம், எதுகை, மோனை, எழுவாய், பயனிலை என வாசிப்பிலும் இலக்கணத்திலும் அடிக்கடி வரும் சொற்களையே இங்குக் கலைச்சொற்கள் என்கிறேன். இதற்கு வீட்டிலும் உங்கள் துணை வேண்டும். அந்தத் துணை, குறிப்பேட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பிள்ளையை ஒப்பிக்கச் சொல்லும் வழக்கமான துணையாக இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு நாங்கள் ஒரு தவறு செய்தோம். அறுபது சொற்களையும் அவற்றின் விளக்கங்களையும் அச்சடித்து மாணவர்களிடம் கொடுத்து, மனப்பாடம் செய்துவரச் சொன்னோம். பிள்ளைகள் சொன்னபடி செய்தார்கள். நீங்களும் பொறுமையாக உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள். தேர்வு முடிந்தபின் எட்டாம் வகுப்பு விடைத்தாள் ஒன்றைப் புரட்டினேன். உருவகம் என்றால் என்ன என்ற கேள்விக்கு, "உவமையும் பொருளும் வேறல்ல, இரண்டும் ஒன்றே எனக் கூறுவது உருவகம்" என்று ஓர் எழுத்துப் பிழையுமின்றி எழுதி, அந்த மாணவன் முழு மதிப்பெண் பெற்றிருந்தான். அடுத்த பக்கத்தில், கொடுக்கப்பட்ட பத்தியிலிருந்து உருவகத்தை எடுத்து எழுதச் சொல்லியிருந்தது. அவன் 'மலர்முகம்' என்று எழுதியிருந்தான். அதற்கு இரண்டு வரி கீழே, பத்தியிலேயே, 'முகமலர்' என்ற சொல் அடிக்கோடு படாமல் கிடந்தது.

மலர்முகம் என்பது மலர் போன்ற முகம். ஆகவே அது உவமை. முகமலர் என்பது முகமாகிய மலர். ஆகவே அது உருவகம். இரண்டிலும் இருப்பவை அதே இரண்டு சொற்கள்தாம். எது முன்னே நிற்கிறது என்பதைக் கொண்டே பொருள் மாறிவிடுகிறது. விளக்கத்தை நூறு முறை ஒப்பித்தாலும் இது பிடிபடாது. சொல்லைப் பிரித்து, நடுவே 'போன்ற' என்பது பொருந்துகிறதா, 'ஆகிய' என்பது பொருந்துகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ஒரே நாளில் பிடிபடும். கயல்விழி, விழிக்கயல், தேன்மொழி, மொழித்தேன் என்று இணையிணையாகக் கொடுத்துப் பிள்ளையை விரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அவர்களையே ஓர் இணையை உருவாக்கச் சொல்லுங்கள். தொல்காப்பியம் உவமைக்கென்றே ஓர் இயலை வைத்திருக்கிறது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், பொருளால் அழகு தரும் 35 பொருளணிகளை வகுத்துக் கூறுகிறது. நம் பிள்ளைகளுக்கு இப்போது அத்தனையும் வேண்டியதில்லை. இவ்விரண்டையும் ஐயமறப் பிரித்தறிந்தால் போதும் என்பதே எங்கள் ஆசிரியர்களின் எண்ணம்.

அன்றாட வழக்கில் ஒரு பொருளும் பாடத்தில் வேறொரு பொருளும் கொண்ட சொற்கள் பிள்ளைகளைப் பெரிதும் குழப்புகின்றன. தன்மை இடத்தில் சொல்லப்பட்ட கதை எது என்று கேட்டதற்கு, ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கதையில் வந்த நாயின் நல்ல தன்மைகளை அரைப் பக்கத்துக்கு அழகாக விவரித்திருந்தாள். அவள்மீது குறை சொல்ல முடியாது. 'தன்மை' என்றால் வீட்டில் குணம். இலக்கணத்தில் அது 'நான்', 'நாம்' என்று பேசுபவரைக் குறிக்கும் இடம். 'இடம்' என்ற சொல்லும் அப்படித்தான். தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்தில் எந்த ஊரும் இல்லை. அணி, அடி, சீர், தொடை ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். செய்யுளில் எதுகை, மோனை போன்ற அமைப்பைக் குறிக்கும் தொடை என்றதும் வகுப்பில் எழும் சிரிப்பை அடக்க எங்களுக்கு ஐந்து நிமிடமாவது ஆகிறது.

இவற்றுள் மிகவும் சிக்கலானது 'கருப்பொருள்'. இக்காலக் கதை, கட்டுரைகளைப் பற்றிப் பேசும்போது, படைப்பின் அடியில் ஓடும் முதன்மையான எண்ணத்தைக் கருப்பொருள் என்கிறோம். பழம்பாடல்களின் காதல் வாழ்வை நிலங்களோடு சேர்த்துத் திணைகளாக வகுக்கும் அகப்பொருள் இலக்கணத்திலோ, ஒரு நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவை கருப்பொருள்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். ஒரே பாடநூலின் இரு பக்கங்களில் ஒரே சொல் இருவேறு பொருளில் வரும்போது பிள்ளை தடுமாறுவது இயல்பு. ஆகவே இந்த ஆண்டு முதல், கதைகளைப் பற்றிப் பேசும்போது மையக்கருத்து என்ற சொல்லையே பயன்படுத்துவதென்றும், கருப்பொருளை அகப்பொருள் இலக்கணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதென்றும் முடிவு செய்திருக்கிறோம். வீட்டிலும் அவ்வாறே வழங்கினால் உதவியாக இருக்கும்.

மையக்கருத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. எறும்புகளைப் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்து மையக்கருத்தைக் கேட்டால், பெரும்பாலோர் 'எறும்பு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது தலைப்பு. எறும்பைப் பற்றி அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். "எறும்புகள் தாம் விட்டுச்செல்லும் மணத்தைப் பின்பற்றி உணவிருக்கும் இடத்துக்கு வழி கண்டுகொள்கின்றன" என்று ஒரு முழுத் தொடர் வந்தால், அதுவே மையக்கருத்து. எழுவாயும் பயனிலையும் உள்ள தொடராக விடை வரவேண்டும் என்று வற்புறுத்தினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உய்த்துணர்தலுக்குப் பாடநூல்கூடத் தேவையில்லை. "அவன் குடையை மூலையில் சாய்த்து வைத்தான், அதனடியில் தரை நனைந்தது" என்று சொல்லி, வெளியே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். மழை பெய்கிறது என்பார்கள். மழை என்ற சொல்லை நான் சொல்லவில்லையே, உனக்கு எப்படித் தெரிந்தது என்று அடுத்துக் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியே முக்கியமானது. அதற்குக் குடையையும் ஈரத்தையும் சான்றாகக் காட்டத் தெரிந்த பிள்ளைக்கு, உய்த்துணர்தல் என்ற பெயரைப் பிறகு சொல்லிக்கொடுத்தாலும் போதும்.

எதுகை, மோனையைப் பொறுத்தவரை ஒரே ஒரு குறிப்பு. இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை என்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். கட்டு, பட்டு எதுகை. பட்டு, பாட்டு எதுகை ஆகாது. எழுவாயை யார், எது, எவை என்ற வினாக்களைக் கொண்டு தேடச் சொல்லுங்கள். 'எனக்குப் பசிக்கிறது' போன்ற தொடர்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதில் எழுவாய் எது என்ற பேச்சு எழுந்தால் ஆசிரியர் அறையிலேயே தேநீர் ஆறிப்போகிறது.

எப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை கற்றது எவ்வளவு விரைவில் மறந்துபோகிறது என்பதைத் தம்மையே சோதித்து அளந்த ஹெர்மான் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், தம் முடிவுகளை 1885இல் வெளியிட்டார். பயிற்சியை ஒரே மூச்சில் செய்வதைவிட நாள்களாகப் பிரித்துச் செய்வது நல்லது என்பதும் அதில் தெரிந்தது. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடையே நடத்திய ஆய்வு இன்னும் நேரடியானது. ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். பள்ளிக்குக் கிளம்பும் முன் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதும், பத்து நாள் கழித்து ஒன்றுமே நினைவில் இல்லாமல் போவதும் ஏன் என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

எனவே நாளொன்றுக்கு மூன்று சொற்கள், பத்து நிமிடங்கள் போதும். அவற்றுள் ஒன்று சென்ற வாரத்துச் சொல்லாக இருக்கட்டும். குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, அன்று பிள்ளை படித்த ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, "இதில் உவமை எங்கே இருக்கிறது? எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தில் உவமையே இல்லை என்று பிள்ளை சொன்னால், அதுவும் நல்ல விடைதான். 'உவமை என்றால் என்ன' என்ற கேள்வியை நாங்கள் வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம்.

இந்த இலக்கணமெல்லாம் தமக்கே மறந்துவிட்டது என்று சில பெற்றோர் சென்ற கூட்டத்தில் தயக்கத்துடன் கூறினார்கள். அது தடையே அன்று. உங்களுக்கும் பிள்ளைக்கும் ஐயம் வந்தால், அந்தத் தொடரைக் குறிப்பேட்டில் எழுதி அருகே ஒரு கேள்விக்குறி மட்டும் இடச் சொல்லுங்கள். விடையை வேறெங்கும் தேடி எழுதித்தர வேண்டாம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தக் கேள்விக்குறிகளிலிருந்துதான் ஆசிரியர் பாடத்தைத் தொடங்குவார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்