வீட்டில் எத்தனை பேர்?

அருவங்காடு

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் நீ மீட்டிங் என்கிறாய், அப்புறம் கூப்பிடுகிறேன் என்கிறாய். கடிதம் என்றால் உனக்கு நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. கீழே பீன்ஸ் போட்டிருந்த இடத்தில் காட்டெருமை இறங்கி மிதித்துவிட்டுப் போய்விட்டது. பெரியம்மா வீட்டு விஷயம் நீ அன்றைக்குச் சொன்ன மாதிரியே முடிந்தது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான். நேரத்துக்குச் சாப்பிடு.

பொங்கலுக்கு வரவில்லை என்று சொன்னபோது ஒரு வார்த்தை சொன்னாய். "அங்க என்னம்மா இருக்கு, ஆளே இல்லாத ஊரு" என்றாய். அப்பாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு மறக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக இந்த நீலகிரி மலையில் வீடு வீடாக ஏறி இறங்கி ஆட்களை எண்ணிய டீச்சர் நான். என்னிடம் அப்படிச் சொல்லலாமா?

பள்ளிக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறாள், ஈரோட்டுப் பக்கம். கணக்கெடுப்பு வேலைக்குத் தன்னையும் போடுவார்கள் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தாள். 2021-ல் நடந்திருக்க வேண்டியது, கொரோனாவால் நின்றுபோய், இப்போது 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். முதலில் வீடுகளைப் பட்டியல் எடுத்து, அப்புறம் பிப்ரவரியில் ஆட்களை எண்ணுவார்கள். இந்த முறை செல்போனிலேயே பதிவு. 2001-லும் 2011-லும் நாங்கள் பாரக் கட்டுகளைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

அவளுக்கு ஒரே குழப்பம். "மேடம், இங்கே எது டவுன், எது கிராமம்னே தெரியலையே" என்றாள். அவள் ஊர்ப் பக்கம் நடுவில் கோயில், சுற்றித் தெரு, தெரு முடிந்தால் வயல். ஊர் எங்கே முடிகிறது என்று குழந்தைகூடக் காட்டிவிடும். நம் மலை அப்படியா? ஊற்றுத் தண்ணீர் கிடைத்த இடத்தில் ஒரு ஹட்டி, படுகர் ஊர். பறித்த இலையை அன்றைக்கே ஃபேக்டரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால் தேயிலைக்கு நடுவிலேயே தொழிலாளர்களுக்கு வரிசையாக லைன் வீடுகள். ஐந்தாறு வீடு இருந்தால் ஒரு தோடர் மந்து. நம் அருவங்காடு கார்டைட் வெடிமருந்து ஃபேக்டரிக்காக உண்டான ஊர், வெலிங்டன் ராணுவத்துக்காக. யாரும் திட்டம் போட்டு ஊரை விரிக்கவில்லை. தண்ணீரும் வேலையும் இருந்த இடத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டார்கள்.

2011 கணக்குப்படி நம் மாவட்டத்தில் நூற்றுக்கு 59 பேர் நகரவாசிகள். தமிழ்நாடு முழுக்கச் சேர்த்தால்கூட 48 பேர்தான். இதைக் கேட்டால் நாம் எல்லோரும் ஊட்டி, குன்னூர் கடைவீதியில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதாகத் தோன்றும். அப்படி இல்லை. கேத்தி, அதிகரட்டி, சோலூர், கீழ்குந்தா, ஓவேலி என்று அன்றைக்கு 11 பேரூராட்சிகள், எல்லாமே கணக்கில் நகரம். ஓவேலிக்குப் போய்ப் பார், எஸ்டேட்டும் காடும்தான். நெல்லியாளம் நகராட்சி. 44 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள், குன்னூருக்கு ஏறக்குறையச் சமம். பந்தலூர் பஜாரை விட்டால் அங்கேயும் தோட்டமும் சிற்றூர்களும்தான். மாவட்டத்திலேயே பெரிய ஊரான ஊட்டிக்கு 88,430 பேர். ஒரு லட்சத்தைத் தொட்ட ஊர் ஒன்றுகூட இல்லை. ஏழரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான சனம் மலை முழுக்க, கை நிறைய ராகியை அள்ளி விதைத்த மாதிரி, இங்கே நெருக்கமாகவும் அங்கே இடைவெளி விட்டும் கிடக்கிறது. ஆள் இல்லாமல் இல்லை கண்ணு. பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆனால் நீ சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2001-ல் மாவட்டத்தில் 7,62,141 பேர். 2011-ல் 7,35,394. அன்றைக்குத் தமிழ்நாட்டில் இருந்த 32 மாவட்டங்களில் சனத்தொகை குறைந்தது நம்முடையது ஒன்றுதான். ஊட்டி நகராட்சி மட்டும் ஐயாயிரத்துச் சொச்சம் பேரை இழந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்ததும், ஊட்டி பிலிம் ஃபேக்டரி நொடித்ததும் உனக்கே தெரியும், உன்னோடு படித்தவர்களில் எத்தனை பேர் மேட்டுப்பாளையம் இறங்கினார்கள். கோவை, திருப்பூர் என்று போனவர்கள் திரும்பவில்லை. ஆயிரம் ஆண்களுக்கு 1,042 பெண்கள் என்று அந்தக் கணக்கு சொன்னது. வேலைக்குப் போன ஆண்கள் கீழே, பெண்கள் இங்கே. இதை நான் கதவு தட்டிய வீடுகளிலேயே பார்த்தேன்.

நீயும் அந்த 2011-ல்தான் கோவை ஹாஸ்டலில் இருந்தாய். உன் பெயரை நம் வீட்டுப் பாரத்தில் எழுதக் கூடாது, ஹாஸ்டலில்தான் எழுதுவார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்த பிள்ளைய வீட்டுக் கணக்குல சேர்க்காம என்ன கணக்கு" என்றார். விதி அது. பிப்ரவரி 9 முதல் 28 வரை ஒரு நாளாவது வீட்டில் இருந்தால்தான் எழுதலாம், உனக்கு செமஸ்டர். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் பெருமையாகவும் இருந்தது. நம் வீட்டில் ஒருவன் இன்ஜினியரிங் படிக்கிறான் என்பதால்தானே இந்த விதி நமக்குப் பொருந்தியது என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் பெருமைதான். பெங்களூரில் அப்போதே 84 லட்சம் பேர், நம் மாவட்டத்தைப் போல் பதினொரு பங்குக்கு மேல். அத்தனை பேர் நடுவில் உனக்கென்று ஒரு இடம் பிடித்திருக்கிறாய். நேரத்துக்குச் சாப்பிடு, இதை எத்தனை தடவை சொன்னாலும் நீ கேட்பதில்லை.

எண்ணச் சொல்லி எனக்குக் கொடுத்த பிளாக்கில் பாதி ஹட்டி, பாதி லைன் வீடு. பூட்டிய வீட்டு வாசலில் நின்றால் பக்கத்து வீட்டு அம்மா தானாக வந்து சொல்வாள். மகன் எங்கே, மருமகள் எங்கே, எப்போது போனார்கள், திருவிழாவுக்கு வருவார்களா எல்லாம். ஒரு தடவை குன்னூர் டவுனுக்குள் வேறு ஒரு டீச்சருக்கு உதவியாகப் போனேன். அங்கே ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது என்றார்கள். ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊரிலேயே அப்படி. உன் அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டுக்காரருக்கு உன் பெயராவது தெரியுமா? உனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தர யார் இருக்கிறார்கள்?

போன வாரம் வீடியோவில் பேசினாயே, பின்னால் தெரிந்த சுவர் எங்களுக்குத் தெரியாத சுவர். பாப்பாவைக் காட்டு என்றேன், தூங்குகிறாள் என்றாய். சாயங்காலம் ஏழு மணி. அதற்கு முந்தின தடவையும் தூங்கினாள். மருமகள் என்னிடம் பேசி வெகு நாளாகிறது. முன்னெல்லாம் பருப்பு வேக வைப்பதற்குக்கூட எனக்கு போன் செய்வாள். அப்பா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது எளிதாக இருந்தது. வீடுகளுக்குள் போனபோதுதான் தெரிந்தது, இதற்கு விடை சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று. எத்தனை பேர் என்று கேட்டவுடன் சிலர் பேசாமல் நிற்பார்கள். நான் காத்திருப்பேன். ஏன் என்று ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. பாரத்தில் ஏனுக்கு இடமில்லை. திருமணக் கேள்விக்கு 2011-ல் பிரிந்திருப்பவர்களுக்கும் விவாகரத்து ஆனவர்களுக்கும் தனித்தனி எண்ணே கொடுத்தார்கள். எந்த எண்ணைச் சொன்னவர்கள் கொடுத்த காபியையும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை, யாரையும் வேறு மாதிரி பார்த்ததும் இல்லை. அப்புறம் 1948-ம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டில் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது, கோர்ட்டில்கூட அந்தப் பாரத்தைச் சாட்சியாகக் காட்ட முடியாது. அப்பாவிடம்கூட ஒரு வீட்டு விஷயத்தையும் நான் சொன்னது கிடையாது. நம் சித்தப்பா வீட்டு விஷயம் எனக்கு எப்போது தெரியும், மற்றவர்களுக்கு எப்போது தெரிந்தது, நினைத்துப் பார்.

அதனால் சொல்கிறேன். 2027 பிப்ரவரியில் உன் கதவைத் தட்டி ஒரு டீச்சர் கேட்பாள். அவளுக்கு நீ உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடு. ஏன் என்று கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். நீ இங்கே இருந்தாலும் அங்கே இருந்தாலும், ஒரு ஆளாக வந்தாலும் மூன்று பேராக வந்தாலும், மாடி அறையைக் கூட்டித் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். மருமகளும் பாப்பாவும் தனியாக வந்தாலும் அது அவர்கள் வீடுதான், இதையும் அவளிடம் சொல்.

சீசன் கூட்டம் ஆரம்பிக்கும் முன்னால் வா. உன் வண்டி கர்நாடகா நம்பர், இ-பாஸ் இல்லாமல் விட மாட்டார்கள், கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடு. பந்திப்பூரில் ராத்திரி ஒன்பதுக்கு ரோட்டை மூடிவிடுவார்கள், மத்தியானத்துக்குள் மைசூர் தாண்டிவிடு. தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்தித் தூங்கு. சாப்பிடாமல் ஓட்டாதே.

நாளைக்கு குன்னூர் போகிறேன், வர்க்கி வாங்கி உனக்குக் கூரியரில் போடுகிறேன். பாப்பாவுக்கும் அவளுக்கும் சேர்த்து அந்த விலாசத்துக்கே அனுப்பலாமா, இல்லை அவர்களுக்குத் தனியாக வேறு விலாசம் எழுத வேண்டுமா என்று ஒரு மெசேஜ் போடு. காலையில் பத்து மணிக்குக் கிளம்புவேன்.

அன்புடன்,
அம்மா