வீடு மாறினால் பயமும் மாற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேய்ப்பட மறுஆக்கங்கள் எல்லாமே மூலப்படத்தின் நிழல்கள்தாம் என்னும் கருத்துடன் தங்கள் நாளிதழின் சினிமாப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மூலம் உயர்ந்தது, மறுஆக்கம் தாழ்ந்தது என்று ஒரே கோடாகக் கிழித்துவிட்டால், எந்த மறுஆக்கம் எதனால் தேறியது, எது எதனால் தேறவில்லை என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது.

மூலத்தை மிஞ்சிய மறுஆக்கங்கள் உண்டு. 1951இல் வந்த 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்' படத்தில், பனிப்பாலையில் அகப்பட்ட வேற்றுக்கிரக உயிர், மனித உருவில் நடமாடும் ஒரு பூதமாகவே வந்துபோனது. 1982இல் ஜான் கார்பென்டர் அதை மீண்டும் எடுத்தபோது அந்தப் படத்தைப் பிரதி எடுக்கவில்லை. அதற்கும் அடிப்படையான, 1938இல் ஜான் கேம்ப்பெல் எழுதிய குறுநாவலுக்கே திரும்பிப் போனார். அக்கதையில் வரும் உயிர் யாருடைய உருவையும் எடுத்துக்கொள்ளக்கூடியது. அதனால் படத்தின் பயம் வெளியே நிற்கும் பூதத்திடமிருந்து பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பனிடம் இடம் மாறியது. ஒவ்வொருவர் ரத்தத்திலும் சூடேற்றிய கம்பியை வைத்துச் சோதிக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதற்கு நேர் எதிரான உதாரணம் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'. 1960இல் கறுப்பு வெள்ளையில் வந்த அந்தப் படத்தை 1998இல் கஸ் வான் சான்ட் ஏறக்குறைய ஒவ்வொரு ஷாட்டாக அப்படியே வண்ணத்தில் எடுத்தார். எதையும் விட்டுவிடவில்லை, புதிதாக எதையும் தேடவும் இல்லை. பயம் மட்டும் வரவில்லை.

ஜப்பானிய இயக்குநர் தகாஷி ஷிமிசு செய்தது எனக்கு இன்னும் சுவையாகப் படுகிறது. தம்முடைய 'ஜு-ஆன்' படத்தை 2004இல் 'தி கிரட்ஜ்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் அவரே மீண்டும் எடுத்தபோது, முக்கிய நடிகர்களை அமெரிக்கர்களாக்கினாரே தவிர, வீட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. அந்த வீடு டோக்கியோவிலேயே நின்றது. அங்கே வாழ்ந்த குடும்பத்தின் சினமும் சாவும் அந்தச் சுவர்களுக்குள் நிகழ்ந்தவை என்பதால், வீட்டைப் பெயர்த்தால் கதையும் பெயர்ந்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1993இல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படமான 'மணிச்சித்திரத்தாழ்' 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாகவும், 2005இல் தமிழில் 'சந்திரமுகி'யாகவும், 2007இல் இந்தியில் 'பூல் புலையா'வாகவும் வந்தது. மூலத்தில் பேயாக நம்பப்படும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனக்காரி. மலையாளக் குடும்பம் ஒன்றின் பூட்டிய தெக்கினிக்குள்ளிருந்து, அதாவது வீட்டின் தெற்குக் கட்டிலிருந்து, அவள் தமிழில் பேசுகிறாள் என்பதே கேரளத்துப் பார்வையாளர்களைத் திடுக்கிட வைத்தது. நமக்கோ அவள் சொந்த ஊர்ப் பெண். எனவே தமிழில் எடுக்கும்போது அந்த அந்நியத்தன்மைக்கு வேறு வழி காண வேண்டியிருந்தது. சந்திரமுகி தெலுங்கு பேசினாள். இந்தியில் அவளே வங்காளப் பெண்ணானாள். பேய் எப்போதும் அடுத்த ஊரிலிருந்தே வர வேண்டும் என்ற இந்தக் கணக்கை மறுஆக்கம் செய்தவர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் மூலத்தின் பொறுமை தமிழில் இல்லை. மலையாளத்தில் மோகன்லால் படம் தொடங்கி நெடுநேரம் கழித்தே வருகிறார். அதுவரை அந்த வீடு தன்னைத் தானே காட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் நாயகர் சண்டையும் பாட்டுமாகத் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், வீட்டுக்கு நம்மைப் பழக்க நேரமில்லை. மூலத்தில் நாகவல்லியைக் கொன்றவனாகக் கதையில் மட்டுமே கேட்கப்படும் கொடுங்கோலன் தமிழில் வேட்டையனாக நேரிலேயே தோன்றிவிடுகிறான். ரஜினிகாந்தின் அந்தச் சிரிப்பைத் திரையரங்கில் நானும் ரசித்தேன், மறுக்கவில்லை. ஆயினும் காதால் மட்டும் கேட்ட கொடுமைக்கு இருந்த கனம் கண்ணால் கண்டதற்கு இல்லை. படத்தில் வரும் பெரிய பாம்புக்கு என்ன வேலை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இவற்றைவிடப் பெரிய நழுவல், தொடர்ச்சியாக வந்த படங்களில் நிகழ்ந்தது. மனநோய் என்று முடிந்த ஒரு கதையை, 'பூல் புலையா 2', 'சந்திரமுகி 2' ஆகியவை மெய்யான ஆவியின் கதையாகவே மாற்றிவிட்டன. பேய் இல்லை என்று சொல்லியும் நம்மை நடுங்க வைத்ததுதானே மூலத்தின் சாதனை?

இதைச் செட்டிநாட்டிலிருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. படமெடுப்பது எங்கள் ஊருக்குப் புதிதன்று. 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' காரைக்குடியில் ஏ.வி. மெய்யப்பன் நடத்திய ஸ்டுடியோவில் உருவான படம்தான். இன்று கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கத்து வீடுகள் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகின்றன. பேய்ப்படம் என்றால் கேட்கவே வேண்டாம். முகப்பும் பட்டாலை என்னும் கூடமும் பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் கிடைத்தால் போதும், வேற்றூர்க் கதையின் பேயைக் கொண்டுவந்து இங்கே குடிவைத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

எங்கள் வீடுகளில் பூட்டிக் கிடக்கும் அறைக்குப் பொருளே வேறு. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களுக்கு ஆளுக்கொன்றாக ஒதுக்கப்பட்டவை. அவரவர் வாரிசுகள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருக்க, அறை பூட்டியிருக்கும். அந்தப் பூட்டைக் கண்டு இங்கே ஒரு குழந்தைகூடப் பயப்படாது. அது பங்காளியின் பங்கு, அவ்வளவுதான். இறந்தவர்களும் இங்கே துரத்தப்படுபவர்கள் அல்லர். நகரத்தார் குடும்பங்களில் முன்னோருக்குப் புதுச் சேலையும் வேட்டியும் வைத்து, இலைபோட்டுப் படைப்பு நடக்கும். கல்யாணம் என்றால் அவர்களுக்குச் சொல்லாமல் நடக்காது. ஆண்டுதோறும் சோறு போட்டு அழைக்கப்படும் அப்பத்தா நள்ளிரவில் கூந்தலை விரித்துக்கொண்டு எதற்காக வர வேண்டும்?

அதற்காக இந்த வீடுகளில் திகிலே இல்லை என்று சொல்ல வரவில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன ஆண்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பாமல் இருந்தார்கள்; இளம் மனைவியர் இத்தனை பெரிய வீடுகளில் கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள். 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது காடும் மலையும் கடந்து நடந்தே வந்தவர்கள் உண்டு, வழியிலேயே மாண்டவர்களும் உண்டு. வருவாரா, மாட்டாரா என்று தெரியாத ஒருவருக்காக அடுப்பு மூட்டிய வீட்டில், ஓரிரவு முகப்புக் கதவு தட்டப்பட்டால் உள்ளே இருப்பவளுக்கு எப்படி இருந்திருக்கும்? 'மணிச்சித்திரத்தாழ்' கதையையோ ஜப்பானியக் கதை ஒன்றையோ யாரேனும் இங்கே மீண்டும் எடுக்க விரும்பினால், கதவைத் தட்டுபவரை இந்த மண்ணிலிருந்து தேடட்டும். கார்பென்டர் பழைய குறுநாவலுக்குப் போனதுபோல், அவர்கள் பழைய கடிதக்கட்டுகளுக்கும் பேரேடுகளுக்கும் போகலாம். அப்படி எடுத்த படம் மூலத்தோடு ஒத்திருக்காது. ஒத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். மறுஆக்கமாக வரும் திகில் படத்துக்கு விமர்சனம் எழுதும்போது, மூலம் எந்த மொழிப்படம், யார் இயக்கியது, எந்த ஆண்டில் வந்தது என்பதையும், வீடும் ஊரும் மாறியபோது பயத்தின் காரணம் மாறியதா என்பதையும் தங்கள் விமர்சகர்கள் இரண்டு வரியாவது எழுதினால், மூலத்தைத் தேடிப் பார்க்க எங்களுக்கு உதவியாக இருக்கும். திரையரங்கு உரிமையாளர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 'மணிச்சித்திரத்தாழ்' 2024இல் கேரளத்தில் புதுப்பிக்கப்பட்ட பிரதியாக மீண்டும் திரையிடப்பட்டது. அதைத் தமிழ்த் துணைத்தலைப்புகளுடன் காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களிலும் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். நாகவல்லி பேசுமிடங்களுக்குத் துணைத்தலைப்புச் செலவும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி.